முட்டைக்கு ஆறு கோழி, கறிக்கு இரண்டு பன்றி: இனம் தேர்ந்தெடுக்கும் கணக்கு

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு வாரம் 20 முட்டை போதும் என்று வைத்துக்கொள்வோம். கோழி இனத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை இந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும். படத்தில் பார்த்த இறகு நிறத்தை வைத்துத் தொடங்கினால் ஆறே மாதத்தில் இடறும்.

ஆண்டுக்கு 200 முட்டையிடும் இரட்டைப் பயன் இனம் (முட்டைக்கும் கறிக்கும் சேர்த்து வளர்ப்பது) என்றால், ஒரு கோழிக்கு வாரத்துக்கு நாலுக்குச் சற்றுக் குறைவு. ஆறு கோழிக்கு 23 முட்டை வரும். கணக்கு சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் கோழி சராசரிப்படி இடாது. பகல் நீளும் மாதங்களில் வாரம் 30 முட்டைகூட வரும். பகல் குறுகி இறகு உதிரத் தொடங்கினால் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் கூடு காலியாகவே இருக்கும். ஆறையும் ஒரே நாளில் வாங்கினால் ஆறும் ஒரே நேரத்தில் நிறுத்திவிடும். அதனால் முதல் ஆண்டு மூன்று, அடுத்த ஆண்டு மூன்று என்று வாங்குங்கள். முதல் ஆண்டுக் கோழி பெரும்பாலும் முழுமையாக இறகு உதிர்க்காமல் இட்டுக்கொண்டே போகும். இரண்டாம் ஆண்டுக் கோழிதான் நிறுத்தும். வயது இரண்டாகப் பிரிந்திருந்தால் முட்டை ஒரேயடியாக வற்றாது.

அடுத்தது தீவனக் கணக்கு. வெள்ளை லெகார்ன் 1.8 கிலோ எடை, நாளுக்கு ஏறத்தாழ 110 கிராம் தின்னும். ஆண்டுக்கு 40 கிலோ. 280 முட்டை வந்தால் ஒரு முட்டைக்குத் தீவனம் 143 கிராம். மூன்று கிலோ எடையுள்ள சசெக்ஸ் அல்லது பிளைமவுத் ராக் நாளுக்கு 140 கிராம் தின்னும். ஆண்டுக்கு 51 கிலோ, முட்டை 200 என்றால் ஒன்றுக்கு 255 கிராம். கிட்டத்தட்ட இரட்டிப்பு. இதைப் பார்த்ததும் லெகார்னே போதும் என்று தோன்றும். முட்டை மட்டும்தான் வேண்டும், குஞ்சு பொரிக்கப் போவதில்லை, சேவல் தேவையில்லை, அடைத்து வளர்க்க இடம் இருக்கிறது என்றால் அதுவே சரியான முடிவு. இந்த நான்கில் ஒன்று மாறினாலும் கணக்கு மாறும்.

மாற்றுவது பெரும்பாலும் ஆண்குஞ்சுதான்.

வீட்டில் 12 குஞ்சு பொரித்தால் அதில் ஆறேழு சேவலாக இருக்கும். லெகார்ன் சேவலுக்கு 16 வாரம் தீனி போட்டாலும் மார்பெலும்பு கத்திபோல் துருத்திக்கொண்டுதான் நிற்கும். இரட்டைப் பயன் இனத்துச் சேவல் 18 முதல் 20 வாரத்தில் இரண்டு கிலோவைத் தொடும். அதற்கு எட்டு ஒன்பது கிலோ தீவனம் போகும். கார்னிஷையும் வெள்ளை பிளைமவுத் ராக்கையும் அடிப்படையாக வைத்து உருவாக்கிய கறிக்கோழி, ஆறே வாரத்தில், நான்கு கிலோ தீவனத்துக்குள் அதே எடைக்கு வந்துவிடும். கறிதான் குறி என்றால் கறிக்கோழியை வெல்ல எந்த நாட்டு இனத்தாலும் முடியாது. ஆனால் அதை வைத்து வம்சம் வளர்க்க முடியாது. விருப்பம்போல் தின்னவிட்டால் பத்து வாரத்துக்குமேல் கால் தாங்காது, இதயம் எடைக்கு ஈடுகொடுக்காமல் வயிற்றில் நீர் கோத்துச் சாகும். கறிக்கோழிக் குஞ்சு வாங்கினால் அதை அறுக்கும் தேதியையும் அன்றே குறித்துக்கொள்ள வேண்டும். ‘இன்னும் இரண்டு வாரம் போகட்டும்’ என்று தள்ளிப்போடுவதுதான் இழப்பின் முதல் காரணம்.

சேவல் குஞ்சை முதல் நாளே பிரித்தெடுக்க ஒரு நல்ல வழி உண்டு. ரோட் ஐலண்ட் ரெட் சேவலை லைட் சசெக்ஸ் பெட்டையோடு சேர்த்தால், பொரியும் குஞ்சில் பெட்டை செம்பழுப்பாகவும் சேவல் வெளிர் மஞ்சளாகவும் இருக்கும். பட்டை போட்ட பிளைமவுத் ராக் பெட்டையோடு அதே சிவப்புச் சேவலைச் சேர்த்தால் எல்லாக் குஞ்சும் கறுப்பு; சேவல் குஞ்சின் உச்சந்தலையில் மட்டும் வெள்ளைப் புள்ளி இருக்கும். சேவலையும் பெட்டையையும் மாற்றிப்போட்டால் இது நடக்காது. நிறத்துக்கான மரபணு, ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோமில் இருக்கிறது, பெட்டைக்கு அது ஒரு பிரதிதான் உண்டு, அதைத் தன் மகனுக்கு மட்டுமே தரும். பட்டை போட்ட சேவலை வைத்தால் ஆண் பெண் எல்லாமே பட்டையோடு பொரிந்து, பிரிக்கவே முடியாமல் போகும். இன்னொன்று: இப்படிப் பொரித்த கலப்புப் பெட்டைகள் அருமையாக முட்டையிடும், ஆனால் அவற்றை மறுபடி இணைசேர்த்தால் அடுத்த தலைமுறையில் நிறத்தை வைத்துப் பிரிக்க இயலாது. இரண்டு தாய் இனங்களையும் தனித்தனியாக வைத்திருந்தால்தான் ஆண்டுதோறும் செய்யலாம்.

ஒரே ரத்தம், இரண்டு கோழி

இனத்தின் பெயரை மட்டும் நம்பி வாங்குவது ஏன் ஆபத்து என்பதற்கு ஆர்பிங்டனைவிடத் தெளிவான சான்று இல்லை. 1886இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வில்லியம் குக் அதை உருவாக்கியது முட்டைக்கும் கறிக்கும் சேர்த்துத்தான். பிறகு கண்காட்சிக்காரர்கள் கையில் அது போனது. பஞ்சுபோன்ற இறகு, உருண்டை உடம்பு என்று தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து முட்டையைக் கைவிட்டார்கள். அதே கறுப்பு ஆர்பிங்டனைக் கொண்டுபோன ஆஸ்திரேலியர்கள் முட்டையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதுதான் ஆஸ்ட்ரலார்ப். 1922-23இல் நடந்த முட்டையிடும் போட்டியில் ஆறு பெட்டைகள் ஓர் ஆண்டில் 1,857 முட்டை இட்டன. கோழி ஒன்றுக்கு 309.5. தொடங்கிய ரத்தம் ஒன்று, தேர்ந்தெடுத்த கை வேறு.

அதனால் விற்பவரிடம் ‘இது என்ன இனம்?’ என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இதன் தாய் போன ஆண்டு எத்தனை முட்டை இட்டது, எத்தனை மாதம் நிறுத்தியது, எத்தனை முறை அடைக்கு உட்கார்ந்தது என்று கேளுங்கள். கணக்கு நோட்டைக் காட்டுபவரிடம் சுமாரான இனத்தை வாங்கலாம். கோப்பையைக் காட்டுபவரிடம் பேர்போன இனத்தை வாங்குவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். ஆஸ்ட்ரலார்ப் என்ற பெயரில் இன்று கிடைக்கும் கோழி ஆண்டுக்கு 220 முதல் 250 இட்டாலே அது நல்ல கால்வழி.

தட்பவெப்பமும் கொண்டையும்

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. கொண்டை, தாடை, கால் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். மிச்சத்துக்கு வாயைத் திறந்து இரைக்கும். எனவே வெயில் கடுமையான இடத்தில் பெரிய ஒற்றைக் கொண்டை, மெல்லிய உடம்பு, குறைந்த இறகு மூன்றும் பலம். லெகார்ன், எகிப்தின் ஃபயோமி, கழுத்து மொட்டைக் கோழி ஆகியவை தாங்கும். கழுத்து மொட்டைக்கு உடம்பிலும் இறகு மூன்றில் ஒரு பங்கு அளவு குறைவு. ஃபயோமி நோயையும் நன்றாகத் தாங்கும், சீக்கிரம் முட்டைக்கு வரும். ஆனால் முட்டை சிறியது, பறக்கும், கையில் பிடிபடாது. ஆர்பிங்டன் போன்ற கனத்த இறகுக் கோழிகள் 30 டிகிரியைத் தாண்டினால் இரைக்கத் தொடங்கும். இரைக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறைகிறது, ஓடு மெல்லிதாகிறது. அந்த நாள்களில் சுண்ணாம்புச் சத்தை மட்டும் கூட்டிப் பயனில்லை. நிழலும் குளிர்ந்த தண்ணீரும்தான் மருந்து.

உறைபனி விழும் இடத்தில் எல்லாம் தலைகீழ். பெரிய ஒற்றைக் கொண்டையின் நுனி உறைந்து கறுத்து உதிரும், வலியில் சேவல் இணைசேர மறுக்கும். அங்கே தலையோடு படிந்த ரோஜாக் கொண்டையுள்ள வயாண்டாட் ஏற்றது. இதிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ரோஜாக் கொண்டை மரபணுவை இரட்டையாகச் சுமக்கும் சேவலுக்குக் கருவூட்டும் திறன் குறைவு. வயாண்டாட் கூட்டத்தில் எப்போதாவது ஒற்றைக் கொண்டையோடு ஒன்று பொரிந்தால் அதைக் குறை என்று ஒதுக்க வேண்டாம். அந்தப் பெட்டையோடு இணைசேர்த்துக் கிடைக்கும் ரோஜாக் கொண்டைச் சேவலுக்கு அந்தக் குறை இருக்காது.

அடைக்கு உட்காரும் குணத்தையும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். இன்குபேட்டர் இல்லாமல் குஞ்சு வேண்டும் என்றால் அசில் அல்லது சில்கி பெட்டை ஒன்றிரண்டு போதும். 21 நாள் அடை, பிறகு ஐந்தாறு வாரம் குஞ்சோடு திரியும். அத்தனை நாளும் அதனிடம் முட்டை கிடையாது. மற்றக் கோழிகள் அடைக்கு உட்காராத இனமாக இருக்கட்டும். தேவையில்லாத நேரத்தில் உட்கார்ந்தால், அடியில் கம்பிவலை போட்டுக் காற்றோட்டமாக உயர்த்தி வைத்த கூண்டில் தீனி தண்ணீரோடு மூன்று நான்கு நாள் விடுங்கள். வயிற்றுச் சூடு தணிந்தால் எண்ணம் மாறிவிடும்.

தேர்வை இப்படிச் சொல்லலாம். முதன்முதலாகத் தொடங்குபவர், நடுத்தரத் தட்பவெப்பம், சேவலைக் கறிக்கு வைத்துக்கொள்ளத் தயார்: ரோட் ஐலண்ட் ரெட் அல்லது ஆஸ்ட்ரலார்ப். வெயில் அதிகம், முட்டை மட்டும்: லெகார்ன். இதற்குமேல் ஐந்தாறு இனத்தைக் கலந்து அழகுக்கு வளர்ப்பது தனி ஆசை. கனத்த சாது இனத்தையும் ஃபயோமி போன்ற துருதுரு இனத்தையும் ஒரே கொட்டகையில் அடைத்தால் சாதுவானது தீனித் தொட்டிக்கே வராமல் மெலியும். வேலியும் இனத்தைப் பொறுத்தது. சசெக்ஸுக்கு ஒரு மீட்டர் வேலி போதும், லெகார்னுக்கு 1.8 மீட்டர் வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கச் சிறகில் மட்டும் பறக்கும் முதன்மை இறகு பத்தையும் வெட்டிவிட வேண்டும். இரண்டு பக்கமும் வெட்டினால் சமநிலை கிடைத்து மறுபடி தாவும்.

வாங்கும்போது கையில் எடுத்துப் பார்ப்பது

முட்டைக்கு வந்த கோழி என்று விற்பார்கள். அதைச் சோதிக்க விரல் போதும். கோழியின் தலை உங்கள் கையிடுக்கில், வால் உங்கள் முன்னால் இருக்குமாறு பிடியுங்கள். கழிவாய்க்கு இருபுறமும் இரண்டு மெல்லிய இடுப்பெலும்பு நுனிகள் தட்டுப்படும். அவற்றுக்கு நடுவே ஒரு விரல்கூட நுழையாவிட்டால் இன்னும் முட்டைக்கு வரவில்லை அல்லது நிறுத்திவிட்டது. இரண்டு மூன்று விரல் தாராளமாக அமர்ந்தால் இடுகிறது. கழிவாய் அகன்று ஈரமாக, நிறம் வெளிறி இருக்கும். நிறுத்திய கோழிக்கு அது சுருங்கி உலர்ந்து, மஞ்சள் தோல் இனமாக இருந்தால் மஞ்சளாகத் தெரியும். அதே பிடியில் இறகை ஊதிப் பிரித்து, கழிவாயைச் சுற்றி இறகின் அடித்தண்டைப் பாருங்கள். சாம்பல் வெள்ளையாக, உப்பைக் குழைத்து ஒட்டியதுபோல் கொத்துக் கொத்தாக இருந்தால் அது பேன் முட்டை. கால் செதில் தூக்கிக்கொண்டு கரடுமுரடாக இருந்தால் செதில் உண்ணி. இரண்டையும் தீர்க்கலாம், ஆனால் இருக்கும் கூட்டத்தோடு சேர்ப்பதற்கு முன்.

புதிதாக வந்தது எதுவானாலும் 30 நாள் தனியே இருக்க வேண்டும். வெள்ளைக்கழிச்சலுக்கும் அம்மைக்கும் தடுப்பூசி போட்டதா, மாரெக் என்ற வைரஸ் நோய்க்கு முதல் நாளே போட்டதா என்று கேளுங்கள். மாரெக் தடுப்பூசியைப் பொரித்த அன்றே போட வேண்டும். பிறகு போட்டு அதிகப் பலன் இல்லை.

தீவனத்தில் ஒரே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். குஞ்சும் விடைக்கோழியும் பெரிய கோழியும் ஒரே தொட்டியில் முட்டைக்கோழித் தீவனம் தின்னும். அதில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம். முட்டையிடாத உடம்பில் அது சிறுநீரகத்தில் போய்ப் படியும். கலந்து வளர்ப்பதானால் எல்லாவற்றுக்கும் வளர்தீவனம் போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டிய கோழி தானே போய்க் கொத்தும்.

பன்றி: முதல் ஆண்டு இனப்பெருக்கம் வேண்டாம்

இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. பால்குடி மறந்த இரண்டு குட்டிகளை வாங்கி, எடைக்குக் கொண்டுவந்து முடிக்க வேண்டும். தாய்ப்பன்றி எல்லாம் பிறகு. ஒரு தாய்ப்பன்றி ஆண்டுக்கு ஒரு டன்னுக்குமேல் தீவனம் தின்னும், ஒரே ஈத்தில் பத்துக் குட்டி போடும், அந்தப் பத்துக்கும் இடமும் தீனியும் எட்டாவது வாரத்திலிருந்து வேண்டும். ஒற்றைக் குட்டியும் வேண்டாம். தனியே விட்ட பன்றி ஒழுங்காகத் தின்னாது, கத்திக்கொண்டே வேலியைச் சுற்றும்.

எத்தனை தீவனம்? 18 கிலோவில் வாங்கி 100 கிலோவில் முடித்தால் 82 கிலோ வளர்ச்சி. யார்க்‌ஷயர், லேண்ட்ரேஸ், டியூராக் கலப்புக் குட்டி ஒரு கிலோ ஏற மூன்று கிலோ தீவனம் தின்னும்: 246 கிலோ, ஐந்தரை ஆறு மாத வயதில் முடியும். பெர்க்‌ஷயர், டாம்வொர்த், சேடில்பேக் போன்ற பழைய இனங்களுக்கு நான்கு கிலோ போகும்: 328 கிலோ, ஏழெட்டு மாதம். அந்த 82 கிலோ வித்தியாசத்துக்கு என்ன கிடைக்கிறது? திறந்த வெளியில் மழையும் வெயிலும் தாங்கும் உடம்பு, தசைக்குள் கொழுப்பு இழையோடும் கறி, முரண்டு பிடிக்காத குணம். தீவனம் முழுவதையும் காசு கொடுத்து வாங்குகிறீர்கள், சிமெண்டுத் தரைக் கொட்டகை என்றால் கலப்பினம்தான். புல்வெளி, தோட்டக் கழிவு, உதிர்ந்த பழம், மோர் போன்றவை சும்மா கிடைக்கும் என்றால் பழைய இனம் அந்தச் செலவை ஈடுகட்டும். ஆனால் புல்லை மட்டும் நம்பக்கூடாது. பன்றிக்கு மாட்டைப்போல நான்கு அறை வயிறு இல்லை. வளரும் குட்டிக்குப் புல் துணைத்தீனிதான்.

காதைப் பாருங்கள். யார்க்‌ஷயருக்கும் ஹாம்ப்ஷயருக்கும் டாம்வொர்த்துக்கும் காது நிமிர்ந்திருக்கும். லேண்ட்ரேஸ், சேடில்பேக், லார்ஜ் பிளாக், குளோஸ்டர்ஷயர் ஓல்ட் ஸ்பாட்ஸ் ஆகியவற்றுக்குக் காது கண்மேல் கவிந்து தொங்கும். பார்வை மறைவதால் தொங்கு காதுப் பன்றி நிதானமாக நடக்கும், வேலியைச் சோதிப்பதும் குறைவு. வேலி கட்டிப் பழகாதவருக்கு அதுவே நல்லது. டாம்வொர்த் கெட்டிக்காரப் பன்றி, நீண்ட மூக்கு. கரடுமுரடான நிலத்தை உழுதுகொடுக்க அதை மிஞ்ச ஆளில்லை. அதே மூக்கு வேலியின் அடிக்கம்பியையும் ஆராயும். மின்கம்பி இரண்டு வரிசை போதும்: தரையிலிருந்து 20 செ.மீ.யிலும் 45 செ.மீ.யிலும். குட்டி கிளறிய மண் அடிக்கம்பியை மூடி மின்சாரம் தரையிறங்கிவிடும், அதைத் தினமும் பார்க்க வேண்டும். புதிய குட்டியை நேரே மின்வேலிக்குள் விட்டால் அதிர்ச்சி பட்டதும் முன்னால்தான் பாயும். முதல் ஒரு வாரம், பின்னால் திடமான பலகைத் தடுப்பும் அதற்கு முன்னால் மின்கம்பியும் உள்ள சிறு அடைப்பில் பழக்குங்கள். அப்போதுதான் பின்வாங்கக் கற்கும்.

நிறமும் முக்கியம். வெண்பன்றியின் தோல் வெயிலில் எரிந்து சிவந்து உரியும். முதுகு எரிந்த பெண் பன்றி இணைசேர நிற்காது. பன்றிக்கு வியர்ப்பது மிகக் குறைவு என்பதால் நிழலும் சேற்றுக்குழியும் எந்த நிறத்துக்கும் வேண்டும், ஆனால் வெண்பன்றிக்கு அவை இல்லாமல் திறந்தவெளி வளர்ப்பே கூடாது. லார்ஜ் பிளாக், பெர்க்‌ஷயர், டியூராக் போன்ற கறுப்பு, சிவப்புத் தோல்கள் வெயிலுக்கு அஞ்சாது.

குனேகுனே, மங்காலிட்சா இரண்டையும் பற்றி ஒரு எச்சரிக்கை. நியூசிலாந்தின் குனேகுனே சிறியது, குட்டை மூக்கு, புல்லை மேயும், நிலத்தைப் பெரிதாகக் கிளறாது. பார்க்க ஆசையாக இருக்கும். அதற்கு வெண்பன்றிக்குப் போடும் அளவில் தீவனம் போட்டால் கண் மூடும் அளவுக்குக் கொழுக்கும், மூட்டு கெடும், பெண் சினை பிடிக்காது. ஹங்கேரியின் மங்காலிட்சா சுருள் ரோமத்தோடு குளிரை நன்றாகத் தாங்கும், ஆனால் அது கொழுப்புக்கான பன்றி. குட்டியும் ஐந்தாறுதான், வளர ஓராண்டுக்குமேல் ஆகும். மெலிந்த கறி எதிர்பார்த்து இதை வாங்குவது இனத்தின் குற்றமில்லை.

மறுகோடியில் பெல்ஜியத்தின் பியட்ரெயின். தொடை பிதுங்கும் தசை. ஆனால் இந்த இனத்தில் பரவலாக இருந்த ஒரு மரபணுக் கோளாறு காரணமாக, வண்டியில் ஏற்றும்போதோ வெயிலில் விரட்டும்போதோ உடம்பு விறைத்துச் சூடேறிச் சாகும். அறுத்த கறியும் வெளிறி நீர்விடும். சில லேண்ட்ரேஸ் கால்வழிகளிலும் இது இருந்தது. சோதித்து நீக்கிய கால்வழி என்று உறுதி தெரியாமல் வீட்டு வளர்ப்புக்கு வாங்க வேண்டாம்.

குட்டி வாங்கும்போது

எட்டு வாரம் நிறைந்த குட்டி 16 முதல் 20 கிலோ இருக்கும். ஈத்திலேயே மிகச் சிறியதை இரக்கப்பட்டு வாங்கினால் அது கடைசிவரை பின்தங்கும். மூக்கு ஒரு பக்கம் கோணியிருந்தால் நாசிச் சிதைவு நோயாக இருக்கலாம். தொப்புளில் மெத்தென்ற புடைப்பு இருந்தால் குடலிறக்கம். சிறிது தூரம் விரட்டிவிட்டுக் காதைக் கொடுங்கள். தொடர்ந்து இருமினால் அந்தக் கொட்டகையிலிருந்தே விலகுங்கள்.

பெண் குட்டியைப் பின்னாளில் தாயாக்கும் எண்ணம் சிறிதாவது இருந்தால் மல்லாக்கப் படுக்கவைத்துக் காம்பை எண்ணுங்கள். ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் ஏழு, சீரான இடைவெளி. ஆறும் ஆறும் என்பது கடைசி எல்லை. எண்ணிக்கையோடு விடாமல் ஒவ்வொரு காம்பின் அடியையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்ல அழுத்த வேண்டும். நல்ல காம்பு விரலுக்கு நடுவே முன்னால் நீளும். கெட்டது உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு குழி மட்டும் தெரியும். அதில் பால் வராது. பிறக்கும் குட்டிகளில் ஒன்று முதல் நாளே இடமில்லாமல் பட்டினி கிடக்கும். இந்தக் குறை வம்சத்தில் தொடரும், அதனால் அப்படிப்பட்ட தாயின் மகளையும் எடுக்காதீர்கள்.

ஆண் குட்டி என்றால் முதல் வாரத்திலேயே காயடித்ததா என்று பாருங்கள். காயடிக்காத ஆண் வயதுக்கு வந்தபின் அறுத்தால், கொழுப்பில் ஆண்ட்ரோஸ்டினோன், ஸ்கேடோல் என்ற பொருள்கள் சேர்ந்து கறியைச் சூடாக்கும்போது மூத்திர வாடை வரும். வேகமாக வளரும் இனத்தில் முதிர்வதற்குள் எடை வந்துவிடும். மெதுவாக வளரும் பழைய இனத்தில் எடைக்கு முன்பே முதிர்ச்சி வந்துவிடும். அங்கே இரண்டு பெண் குட்டிகளை வாங்குவதே எளிது.

தராசு இல்லாமல் எடை பார்க்க டேப் போதும். பன்றி தலை நிமிர்ந்து நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே மார்புச் சுற்றளவு, பிறகு இரண்டு காதுக்கும் நடுவிலிருந்து வால் அடிவரை நீளம். இரண்டும் மீட்டரில். சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 69.3ஆல் பெருக்கினால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 0.95, நீளம் 1.00 என்றால் 62.5 கிலோ. 1.12, 1.18 என்றால் 102 கிலோவுக்குச் சற்று மேல். தீனி வைத்த உடனே அளக்காமல் காலையில், தீனிக்கு முன் அளந்து பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறை எழுதி வைத்தால் எப்போது வளர்ச்சி குறைந்து கொழுப்பு ஏறத் தொடங்குகிறது என்பது தாளிலேயே தெரியும். பழைய இனங்களுக்கு 60 கிலோவுக்குமேல் தீவனத்தை நாளுக்கு இரண்டு, இரண்டேகால் கிலோவோடு நிறுத்த வேண்டும். கலப்பினத்துக்கு வேண்டியமட்டும் போடலாம்.

அடுத்த ஆண்டு தாய்ப்பன்றி வைப்பதானால் யார்க்‌ஷயர், லேண்ட்ரேஸ் கலப்புத் தாயும் டியூராக் ஆணும் நல்ல சேர்க்கை. கலப்புத் தாய்க்குக் குட்டியும் பாலும் அதிகம். வெளியில் ஈனவேண்டும் என்றால் சேடில்பேக். சினைக்காலம் 114 நாள். ஈனும் அறைச் சுவரிலிருந்து 20 முதல் 25 செ.மீ. தள்ளி, தரையிலிருந்து அதே உயரத்தில் ஒரு குழாய்த் தடுப்பு அவசியம். தாய் சரிந்து படுக்கும்போது குட்டி ஒதுங்க அந்த இடைவெளிதான் உயிர். சிமெண்டுத் தரையில் பிறந்த குட்டிக்கு மூன்றாம் நாள் 200 மி.கி. இரும்புச்சத்து ஊசி போடாவிட்டால் வெளிறி மூச்சிரைக்கும். மண்ணைக் கிளறும் குட்டிக்கு மண்ணிலிருந்தே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இரண்டையும் சேர்த்து வளர்க்கும்போது

கோழியைப் பன்றி அடைப்புக்குள் விடாதீர்கள். சிந்திய தீனிக்குக் கோழி போகும், ஒரு நாள் பன்றி பிடித்துவிடும். ருசி கண்ட பன்றி விடாது. எரிசிபெலாஸ் என்ற பாக்டீரியா நோயும் இன்ஃபுளுயன்சாவும் இரண்டையும் தாக்கும். வயதான கோழியின் எச்சத்திலிருந்து பறவைக் காசநோய் பன்றிக்கு வரும், அது அறுத்த பிறகுதான் கழுத்துச் சுரப்பியில் தெரியும். எனவே இரண்டுக்கும் தனித் தண்ணீர், தனி மண்வெட்டி, தனிச் செருப்பு. பன்றி கிளறி முடித்த நிலத்தைக் கோழிக்குத் திறந்துவிடுவது நல்ல முறை, புழுவையும் களை விதையையும் கோழி பொறுக்கும். கோழி இருந்த இடத்துக்குப் பன்றியை அனுப்பும் திசை வேண்டாம்.

கறிக்கழிவு கலந்த மிச்சச் சாப்பாட்டைப் பன்றிக்குக் கொட்டுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் கிருமி உப்பிட்ட, உலர்த்திய பன்றிக்கறியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வந்தால் மருந்து இல்லை. சமையலறைக்குள் போகாத தோட்டக் காய்கறியை மட்டும் கொடுங்கள்.

இரண்டாம் ஆண்டு வாங்கப் போகும் முன் நோட்டில் ஐந்து எண்கள் இருக்க வேண்டும்: ஒவ்வொரு கோழியின் கால் வளைய எண்ணும் அதன் மாத முட்டையும், அடைக்கு உட்கார்ந்த நாள்கள், சேவல் அறுத்த வயதும் எடையும், பன்றிக்குப் போன மொத்தத் தீவனம், வாங்கிய எடைக்கும் அறுத்த எடைக்கும் உள்ள வித்தியாசம். கடைசி இரண்டையும் வகுத்தால் வருவது நான்கரையைத் தாண்டினால், இனத்தை மாற்றும் முன் தீனித் தொட்டியின் அடியைப் பாருங்கள். சிந்தி மண்ணில் மிதிபடுவது பெரும்பாலும் அங்கேதான்.